சம்பந்தி வண்டி

துர்தகுன் பானெட்டைத் திறக்கும் முன் காரைப் பார்ப்பதில்லை, கார்க்காரனின் விரல்களைத்தான் பார்ப்பார். கிரீஸ் கறையோ இன்சுலேஷன் டேப்பின் பிசுக்கோ கண்ணில் பட்டால் போதும், அன்றைய கச்சேரி ஆரம்பம். "யாரு கை வச்சது?" என்று கேட்பார். வந்தவன் கையைப் பின்னால் மறைப்பான். "நீதானே? வயரைப் பார்த்தா உனக்குக் கை அரிக்குமோ? வீட்ல சொறிஞ்சுக்க ஒண்ணும் இல்லையா?"

மலையூரான கோச்கோரில், சந்தைக்குப் பின்னால், பழைய சரக்குப் பெட்டிகளைக் கடைகளாக்கிப் போட்டிருக்கும் மைதானத்தில் அவர் ஒருவர்தான் கார் எலக்ட்ரீஷியன். ஆகவே அங்கே அவரை விடக் கெட்டிக்காரர் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தப்பும் செய்ததில்லை. சந்தேகமிருந்தால் அவரையே கேட்கலாம். சரிசெய்த வண்டி மறுநாள் நின்றுபோனால் குளிர் காரணம், ரோடு காரணம், ஓட்டியவனின் பெண்டாட்டி பின் சீட்டில் ஏற்றிய உருளைக்கிழங்கு மூட்டை காரணம். பக்கத்து டயர் கடை கெங்கெஷ், திட்டுச் சத்தம் கேட்டதும் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றுவிடுவார். டிவியில் இவ்வளவு சுவாரஸ்யம் இல்லை என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வந்து வாய்த்தது சம்பந்தி ஷார்ஷெனின் கார். சோவியத் காலத்து வெள்ளை வண்டி, சார்ஜ் ஏறாது. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜும்கலில் அவர் வீடு. துர்தகுனின் மகள் பெர்மெத் வாழப்போனது அங்கேதான்.

முதல் தடவை பேட்டரியை மாற்றினார். அடுத்த தடவை பெல்ட். அதற்கடுத்த தடவை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே கழற்றி வேறொன்று போட்டார். ஒவ்வொரு தடவையும் சம்பந்தி வந்திருக்கிறார் என்று வீட்டில் ஓர் ஆடு உயிரை விட்டது. வண்டிக்குத்தான் சார்ஜ் ஏறவில்லை, சம்பந்தி நன்றாகத் தேறியிருந்தார்.

நோய் பிடிபடாததற்குக் காரணம் மரியாதை. டிரைவர் சீட்டில் ஷார்ஷென் உட்கார்ந்துகொள்வார். சம்பந்தியை அவர் காரிலிருந்தே எழுந்திருக்கச் சொல்லும் துணிச்சல் கோச்கோரில் யாருக்கும் கிடையாது. அவரும் குதிரையை விரட்டுகிற வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். துர்தகுன் பேட்டரியில் மாட்டிய மீட்டரின் முள் சமர்த்தாக ஏறும். "டாஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரியுதுங்களா சம்பந்தி?" என்று துர்தகுன் வெளியிலிருந்து பணிவாகக் கேட்பார். "எரியலையே" என்பார் ஷார்ஷென். அது சத்தியமான வார்த்தை. என்ஜின் ஓடும்போது விளக்கு எரியாவிட்டால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். எல்லாரும் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மறுநாள் காலை ஜும்கலில் வண்டி செத்துக் கிடக்கும்.

துர்தகுனுக்குத் தூக்கம் போயிற்று. பெர்மெத்துக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வந்தால் கணவாயைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பனி கொட்டுகிற ஜனவரியில், அந்த வீட்டில் இருக்கும் ஒரே வண்டி இதுதான்.

நான்காம் தடவை கெங்கெஷ் புண்ணியம் கட்டிக்கொண்டார். சூடாகப் போர்சோக் மாவுருண்டை பொரித்திருக்கிறது என்று சொல்லி ஷார்ஷெனைத் தன் கடைக்கு அழைத்துப் போனார். துர்தகுன் முதன்முதலாக அந்த சீட்டில் உட்கார்ந்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். எல்லா விளக்கும் எரிந்தது. எரிந்தே ஆக வேண்டிய அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். பல்பு இருக்க வேண்டிய குழி காலி.

அந்த நாளைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுவதே அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் துளி மின்சாரம்தான். பல்பு இல்லையென்றால் அது தூங்கும். முரட்டுத்தனமாக மிதித்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். கணவாயில், பனியில், ஆமை வேகத்தில் போகும்போது விழிக்காது. தெருவில் போகிற பையனுக்கும் இதைச் சொல்லித் திட்டியிருக்கிறார் துர்தகுன். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"மாமாதான்பா அந்த பல்பைப் பிடுங்கினாரு. வண்டியில ஏறினாலே அது என்னை முறைக்குதுன்னாரு" என்றாள் பெர்மெத், அடுக்களையிலிருந்து, குரலே எழும்பாமல். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கப்பா. மானத்தை வாங்கிட்டீங்கன்னா அப்புறம் இங்க நான்தான் இருக்கணும்."

புது பல்பைப் போட்டு நிமிர்ந்தபோது ஷார்ஷென் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே கெங்கெஷ், வெல்டிங் கடைக்காரன், வேலையில்லாத நாலைந்து பேர். கச்சேரி எப்போது என்று எல்லார் முகத்திலும் ஆவல். சொன்னால் மகளுக்கு நரகம். சொல்லாவிட்டால் அந்த விரல் சும்மா இருக்காது, மறுபடி பிடுங்கும், நடுக் கணவாயில் வண்டி நிற்கும். துர்தகுன் உரோமத் தொப்பியைக் கழற்றினார், தலையைத் தடவினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"என் தப்புதான் சம்பந்தி" என்றார். கெங்கெஷின் கிண்ணம் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "உள்ள பார்க்கறப்போ சிவப்பு பல்பைக் கழட்டினேன், திருப்பிப் போட மறந்துட்டேன். அது இல்லாட்டி சார்ஜே ஏறாது. என் புத்தி அப்படி."

ஷார்ஷென் டாஷ்போர்டைப் பார்த்தார், துர்தகுனைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார். மனுஷனுக்கு வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்றார். வேலையில் கவனம் வேண்டும், நாலு தடவை அலைய வைப்பது அழகா என்று எல்லார் காதிலும் விழும்படி நிதானமாகப் புத்தி சொன்னார். துர்தகுன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "இதை இங்க யாரும் மறக்க மாட்டோம், அண்ணே" என்று கெங்கெஷ் ஆறுதல் சொன்னார்.

ஷார்ஷென் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முகம் சுளித்தது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் விளக்கு அணைந்தது. மிதிக்காமலே மீட்டர் முள் ஏறியது. விடைபெற ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். துர்தகுன் வழக்கமான மரியாதையோடு இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டார்.

"அதுமேல மட்டும் கை வைக்க மாட்டீங்கல்ல, சம்பந்தி?"

ஷார்ஷென் சிரித்து மழுப்பினார். கையை மெல்ல இழுத்தார். துர்தகுன் விடவில்லை.