சீட்டில் மூன்றாவது வரி

அந்த ஹோமியோபதி கிளினிக்கில் அவளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டோக்கன் கொடுப்பது பேருக்குத்தான்; ஆளைப் பார்த்து எழுதுவதுதான் அவள் வேலை. யார் ஜன்னலோரம் தேடி உட்கார்ந்தார், யார் மின்விசிறிக்குக் கீழேயும் சால்வையை விடவில்லை, ஆறுதலாகப் பேசினாலும் யார் எரிந்து விழுந்தார் என்று சின்னச் சீட்டில் எழுதி, ஆள் உள்ளே போகுமுன் டாக்டர் மேஜையில் வைத்துவிடுவாள். தலைவலி ஒன்றானாலும் ஆளுக்கு ஆள் மருந்து வேறு என்பது டாக்டரின் கட்சி.

"வாய் ஆயிரம் சொல்லும்மா. பெஞ்சுல எப்படி இருந்தாங்கன்னு நீ சொல்லு."

தையல்காரர் ஒருவர் வருவார். "எனக்குக் கோபமே வராது டாக்டர்" என்று பரம சாதுவாகச் சொல்வார். சீட்டில் இருக்கும்: 'பெஞ்சில் மூன்று பேரோடு சண்டை. நாலாவது ஆள் நான்.' டாக்டர் விழுந்து விழுந்து சிரிப்பார். இப்படியே இருபத்திரண்டு வருஷம். எவ்வளவு நல்ல வருஷங்கள்!

ஒருநாள் அதே தையல்காரரிடம் டாக்டர், "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று அவர் சிரித்தார்; டாக்டரும் சிரித்தார். கதவோரம் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமும் கேட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். மதியம் எல்லோரும் போனபின் டாக்டர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு சீட்டு எழுதும்மா. பாத்ததை மட்டும் எழுது."

அவள் ஒரு சீட்டை எடுத்தாள். உள்ளதை எழுதினால் கிளினிக்கை மூடவேண்டும். இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. எழுதாவிட்டால் யாருக்காவது மருந்து மாறிப்போகும். பேனாவைத் திறந்தாள், மூடினாள், கடைசியில் எழுதினாள்.

'கேட்டதையே கேட்கிறார். பழகிய முகம் தெரியவில்லை. தெரியாததை மறைக்கச் சிரிக்கிறார்.'

மூன்றாவது வரியில் அவர் கண் நின்றுவிட்டது.

"அது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"மத்தவங்களுக்குத் தெரியாது டாக்டர்."

"இது என் மருந்துக்கு அடங்காதும்மா. நாளைக்கே நரம்பு டாக்டரைப் பாக்கறேன். ஷட்டரை இறக்கிடு."

அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு இறக்கினாள்.

இப்போதும் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகிறாள். அவளைக் கண்டதும் டாக்டர் முகம் நிறையச் சிரிக்கிறார். அது எந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். அவர் சங்கடப்படக் கூடாதென்று, தான் யார் என்பதை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள்.