வலது தோளில் விழுந்த சேலைத்தலைப்பு

வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களில் நான் சாப்பிட்டதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். லினோ தகட்டில் படம் செதுக்கி, மை பூசி, கடதாசியில் ஒற்றி எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆட்களைப் பகிடி பண்ணுகிற படங்கள்தான் எனக்கு வரும். மணமக்களை மறைத்துக்கொண்டு போனில் படம் பிடிக்கிறவர், "எந்த நாட்டில இருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கேற்பச் சிரிப்பைக் கூட்டிக் குறைக்கிறவர் என்று ஒவ்வொருவராகச் செதுக்கினேன்.

அந்த வரிசையில், இன்னும் வராத தன் ஆட்களுக்காகக் கதிரை பிடிக்கிற ஒரு அம்மாவும் இருந்தார். ஒரு கதிரையில் கைப்பை, அடுத்ததில் கண்ணாடிக்கூடு, அதற்கடுத்ததில் தண்ணீர்ப் போத்தல், நடுவில் அரசியைப் போல அவர். உண்மையில் அது எங்கள் மேல்மாடி அன்ரி. முகத்தை மாற்றியிருந்தேன். அந்தப் பெரிய கொண்டையை மாற்ற மட்டும் மனம் வரவில்லை.

கிருலப்பனையில் ஒரு நண்பரின் வீட்டு முன்னறையில் படங்களைக் கண்காட்சியாகக் கொழுவினோம். இரண்டாம் நாள் அன்ரியே வந்துவிட்டார். என் மனைவி மெல்லக் குசினிப் பக்கம் நழுவினாள். எனக்கு நழுவ இடமில்லை.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது பெரிய பிழையெல்லே?"

"என்ன அன்ரி?"

"சேலைத்தலைப்பு வலது தோளில கிடக்கு. எங்கட ஆக்கள் ஆர் இப்பிடிக் கட்டுறவை?"

ஒற்றி எடுக்கும்போது இடது வலதாகிவிடும். எழுத்தென்றால் ஞாபகமாகத் திருப்பிச் செதுக்குவேன், சேலையை மறந்துபோனேன். அதற்குள் மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் தோள்தான் பிரச்சினை. கதிரைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குசினியிலிருந்து வந்த மனைவி, "இவ்வளவு காலமா என்ர தோளையும் பார்க்கேல்லையோ?" என்றாள்.

"ஆள் ஆரெண்டு தெரியுதோ, அன்ரி?" என்று துணிந்து கேட்டேன்.

"தெரியாமல்? எங்கட கீழ்வீட்டுக்காரி! கொண்டையைப் பாருமன்."

எங்களுக்கும் கீழ்மாடியில் இருக்கும் அந்த அம்மா தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருப்பவர்.

அடுத்த சனிக்கிழமை அன்ரி பட்டுச்சேலையோடு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். "ஆளைப் பார்த்துக் கீறினால் பிழை வராது" என்று சொல்லி, எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரைகளை வரிசையாக இழுத்துப் போட்டார். "அவ இப்பிடித்தான் செய்வா" என்று கைப்பையை வைத்தார், கண்ணாடிக்கூட்டை வைத்தார். பிறகு நான் கவனித்திராத ஒன்றையும் செய்து காட்டினார்: பக்கத்தில் யாராவது வந்தால் நிமிராமலே, "ஆக்கள் வருகினம்" என்று சொல்வது. எனக்குக் கை பறந்தது. தலைப்பு இடது தோளில் விழும்படி புதுத் தகடு செதுக்கினேன். அன்ரி ஒரு பிரதியைச் சட்டம் போட்டு விறாந்தையில் கொழுவினார். இன்னொன்றைக் கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார்.

கொஞ்ச நாளில் அந்த மகள் எனக்குப் போன் எடுத்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"அண்ணா, அம்மா அப்பிடியே இருக்கிறா!"

"அவவுக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம். கீழ்வீட்டு அன்ரி எண்டு வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுறா. நேற்று கீழ்வீட்டு அன்ரியே மேல வந்து பார்த்தவவாம்."

"ஐயோ! என்ன சொன்னவ?"

"நுகேகொடையில இருக்கிற தன்ர மச்சாள் மாதிரியே இருக்காம். ஒரு பிரதி வேணுமாம்."

அன்று பின்னேரமே மை உருளையைக் கையில் எடுத்தேன்.