தொண்டை போன ஆயுத பூஜை

மேடையேறி ஆட்களைச் சிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். இத்தனை வருடத்தில் நானே மெச்சிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். அதில் என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை. பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் முன்பு சூலூரில் மைக் படுத்துவிட, வீறாப்பாகக் கத்தித் தொலைத்ததில் தொண்டை அடியோடு போய்விட்டது. பத்துக் குரலில் பேசுகிறவனுக்குச் சொந்தக் குரலே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகாமலே இருந்துவிட்டால் அந்தப் பக்கம் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். மன்னிப்பைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலாளி தாளைப் படித்தார். "ஏனுங்க, சனமெல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. ஒரு கும்புடாச்சும் போட்டுட்டுப் போங்க" என்றார்.

சந்தனப் பொட்டு வைத்த தறிகளுக்கு நடுவே நின்று கும்பிட்டேன். பழக்க தோஷத்தில், தொண்டை போனதில் என் வீட்டுக்காரிக்குத்தான் கொண்டாட்டம் என்று வாயை அசைத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. கூடமே சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தறி ஓடும் இரைச்சலில் உதட்டையும் கையையும் பார்த்தே நாளெல்லாம் பேசிக்கொள்கிறவர்கள் அவர்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்புறம் என்னை யார் பிடிப்பது? கண்டக்டர், மாமியார், ஊசிக்குப் பயந்த பயில்வான் என்று எல்லோரும் வந்தார்கள். முதலாளிமாரையும் விடவில்லை. ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து பழகிய அந்தக் கூடத்து முதலாளி ஒன்றும் விளங்காமல், என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்த தறிக்காரர்களைக் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முடிந்ததும் தறி ஓட்டும் அம்மா ஒருவர் பொரி கொண்டுவந்து கொடுத்து, உதட்டாலேயே ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு வாய்விட்டே சொன்னார்:

"தறிச் சத்தத்துல எங்களுக்குப் பாதிக் காது போயிருச்சுங்ண்ணா. வருசா வருசம் யாராச்சும் வந்து பேசுவாங்க. பக்கத்துல சிரிக்கறவங்களப் பார்த்து நாங்களும் சிரிச்சுக்குவோம். இன்னைக்குத்தான் எங்களுக்கே புரிஞ்சு சிரிச்சமுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு அவர்கள் கொடுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

பத்து நாளில் குரல் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து எந்த மேடையானாலும், உதடு மறையாதபடி மைக்கை மோவாய்க்குக் கீழேதான் பிடிக்கிறேன்.