சீரோடு போன பிள்ளைப் படம்

கண்டனூரில் நான் வாழ வந்த வீட்டில் சுவரில் ஆணி அடிப்பது கொலைக் குற்றத்துக்குச் சமம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி, இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய சுவர் அது. ஓர் ஆணி இறங்கினால் சுற்றிலும் பொரிந்து விழுந்துவிடும். அதனால் வீடு கட்டும்போதே உத்தரத்துக்குக் கீழே வரிசையாகக் கொக்கிகளைப் பதித்துவிட்டார்கள். கொக்கி எத்தனையோ அத்தனைதான் படம். புதிதாக ஒன்று ஏற வேண்டுமென்றால் பழையது ஒன்று இறங்க வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இதனால் வந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நீங்களா அந்த வீட்டில் மருமகளாக இருந்தீர்கள்?

முகப்பில் ரங்கூனிலிருந்து ஆண்கள் அனுப்புகிற சீமைப் படங்கள்: ஏரி, பனிமலை, குடை பிடித்த வெள்ளைக்காரிகள். முற்றத்தைச் சுற்றி சாமி படங்கள். உள் கூடத்தில் பெரிய கதவுக்கு மேலே, குடும்பத்தில் இறந்துபோன பெரியவர்கள், மீசையும் உருத்திராட்சமுமாக. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாற்றிப் பாருங்கள், வீடே எழுந்து நிற்கும்.

படம் மாட்டுகிற பொறுப்பு எனக்கு வந்ததற்குக் காரணம் என் வாய்தான். வந்த புதிதில், "அயித்தை, அந்த ஏரித் தண்ணி பூராம் இடது பக்கமா ஊத்திரும் போல இருக்கே" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். "கண்ணு இருக்குல்ல, இனிமே நீயே பாரு" என்றார்கள். அன்றிலிருந்து ஏணியில் ஆள் நிற்பார், நான் கீழே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து "இங்குட்டு, அங்குட்டு" என்று கத்துவேன். நின்றுகொண்டு பார்த்து மாட்டினால் தப்பாகிவிடும். எங்கள் வீட்டில் எல்லாரும் பாயில் உட்காருகிறவர்கள். உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி படம் முன்னால் சாய வேண்டும்.

கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அந்த வீட்டில் தனி அறை, தனி அடுப்பு. அறை வாசலுக்கு மேலே இருக்கிற கொக்கி அந்த அறைக்காரியின் உரிமை. என் வாசலில் முருகன். பக்கத்து வாசல் என் கணவரின் அண்ணன் மனைவியுடையது. அவர்களை நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். அவர்கள் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பூனைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தங்க நிறச் சுருட்டை முடி, நீலக் கவுன். ரங்கூனிலிருந்து வந்த படக்கட்டைப் பிரித்தபோது எல்லாரும் மலையும் மானும் எடுத்துக்கொள்ள, ஆச்சி மட்டும் இதை எடுத்துக்கொண்டார்களாம்.

ஏன் எடுத்தார்கள் என்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். நான் வருவதற்கு முன்னால் ஆச்சிக்கு ஒரு பெண் பிறந்து, நடை பழகுகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அதன்பின் பிள்ளையே இல்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு படம் கிடையாது. காரைக்குடியிலிருந்து போட்டோக்காரர் வந்து எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்த அன்று, "கைப்பிள்ளைய அந்தப் பொட்டிக்கு முன்னால காட்டாதீக, கண்ணு பட்டுரும்" என்று மாமியார் குழந்தையை உள்ளே கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். படத்தில் வராமலேயே அது போயும்விட்டது. சின்னப் பிள்ளை செத்தால் எங்கள் பக்கம் திவசம் இல்லை, படையல் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு நாள் காலையில் ஆச்சி அந்தச் சீமைப் பிள்ளையைப் பார்த்து, "எந்திரிச்சிட்டியா?" என்று கேட்டதை நான் கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டார்கள். "முடி வேற, நிறம் வேற, எல்லாம் தெரியும்த்தா. கண்ணு மட்டும் அவ கண்ணு" என்றார்கள். பெற்ற மனம் பித்து என்பது சும்மாவா?

இது நடந்து சில வருஷம் கழித்துக் கடைசி நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு கோட்டையூர். சுவர் கழுவுவதற்காக எல்லாப் படங்களையும் இறக்கி உள்ளே இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் சாத்தி வைத்தோம். ஆச்சி அப்போது தாய்வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்த அன்று நான் முகப்பில் பனிமலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "என் வாசல் சும்மா இருக்கே?" என்றார்கள். தேடினோம். நெல் பத்தாயத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தாயிற்று, காணோம்.

மாமியாரிடம் போய்க் கேட்டேன். வெள்ளிப் பாத்திரங்களைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிமிரவே இல்லை.

"பூனை வச்ச பிள்ளையா? அதைச் சீர்ச் சாமானோட வச்சாச்சு. நல்ல சட்டம், நல்ல கண்ணாடி. புதுப் பொண்ணு கண்ணு முழிச்சா பிள்ளை மூஞ்சில முழிக்கட்டும்."

"அது ஆச்சி வாசல் படம் அயித்தை. கேக்காம எடுக்கலாமா?"

"எம் மகன் அனுப்புன படந்தானே? வேற வாங்கித் தரச் சொல்றேன். சீருன்னு ஒதுக்கினதைத் திருப்பி எடுக்கவா? பொண்ணுக்கு ஆகுமா? உனக்கு எதுக்குத்தா எண்ணெய்க்கு முன்னால கடுகு வெடிக்கிது?"

சீருக்கென்று வைத்ததை எடுப்பது அபசகுனம் என்பது எனக்குத் தெரியாததல்ல. என்னைப் பெற்ற அப்பச்சி வீட்டில் தவறிப்போய்ச் சீரில் சேர்ந்த தேங்காய் துருவி ஒன்றைக்கூட யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என் அம்மா வேறு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இது தேங்காய் துருவியா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஆச்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

"வேணாம்த்தா. கல்யாண வீட்டுல செத்த பிள்ளை பேச்சை எடுக்காதே. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் சொல்லுவாக."

"அப்ப படம் போகட்டும்கிறீகளா?"

"கோட்டையூர் என்ன, கடலுக்கு அங்குட்டா இருக்கு? நல்லது கெட்டதுக்குப் போறப்ப பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அன்றைக்கு அந்த அடுப்பில் எதுவும் ஏறவில்லை என்பதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு போய் அவர்கள் வாசல் கொக்கியில் ஒரு மான் படத்தை மாட்டினேன். வெறுங் கொக்கியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் அந்த மானை அவர்களே இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து சாமான் பரப்பினார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற அத்தனையும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படும்படி கூடம் முழுக்க வரிசை வரிசையாக: வெள்ளி, பித்தளை, எனாமல் தூக்குகள், பாய்க் கட்டுகள், கண்ணாடிச் சாமான்கள். நடுவில் ஒரு மர நாற்காலியில் அந்தப் பிள்ளை, பூனையோடு. யாரோ பொட்டும் பூவும் வைத்து ஜோடித்திருந்தார்கள். ஆச்சி சந்தனக் கிண்ணத்தை ஏந்தி, வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாயார், கோட்டையூர்ச் சம்பந்தி ஆச்சி, நல்ல மனுஷி, சிரித்த முகம். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர்கள் அங்கே நின்றார்கள். "அட, என்னா அழகு! யாரு இந்தப் பிள்ளை, துரை வீட்டுப் பிள்ளையா?" என்று சும்மா கேலியாகத்தான் கேட்டார்கள்.

ஆச்சி, கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, "எம் மக" என்றார்கள்.

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவளை அறைந்திருப்பேன், கை எட்டவில்லை. ஆச்சி முகம் வெளுத்துப் போயிற்று. "இல்ல, நான் வந்து..." என்று தடுமாறினார்கள். எல்லாருடைய கண்ணும் மாமியார் பக்கம் திரும்பியது. மாமியார் படத்தைப் பார்த்தார்கள், ஆச்சியைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். இன்றைக்கு இந்த வீடு ரெண்டுபடப் போகிறது என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"ஆமா ஆச்சி" என்றார்கள் மாமியார், சம்பந்தியிடம். "எம் மூத்த மகன் பிள்ளை. எம் பேத்தி. சாமானோட சாமானா வந்து உக்காந்துக்கிட்டா. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்." பிறகு ஆச்சி பக்கம் திரும்பி, "பிள்ளைய யாராச்சும் சீருல வைப்பாகளா? தூக்குத்தா" என்றார்கள்.

ஆச்சிக்குக் கை வரவில்லை. சம்பந்தி ஆச்சிக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ; அவர்களே குனிந்து படத்தை எடுத்தார்கள். சட்டத்தின் மேல்பக்கத்தைப் பிடிக்காமல், கீழே கை கொடுத்து, தோளோடு அணைத்துத் தூக்கி, ஆச்சி கையில் கொடுத்தார்கள். "நாங்களும் பிள்ளை பெத்தவுகதான். வாங்கிக்க ஆத்தா" என்றார்கள். அபசகுனம் என்று அங்கே ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

பெண்ணை அனுப்பிவிட்டு வீடு ஓய்ந்த பிறகு, ஏணியை எடுத்துக்கொண்டு ஆச்சி வாசலுக்குப் போனேன். மாமியார் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"அங்குட்டு எங்க போறே? இங்குட்டுக் கொண்டா."

பெரிய கதவுக்கு மேலே, குடும்பத்துப் பெரியவர்கள் வரிசையைக் காட்டினார்கள். அங்கே ஏது கொக்கி என்றேன். "உங்க மாமாவுக்கு அங்க ரெண்டு படம் இருக்கு. ஒரு மனுசருக்கு ரெண்டு எதுக்கு? தலைப்பா கட்டுனதை இறக்கு" என்றார்கள். புருஷன் படத்தை அப்படி இறக்கச் சொல்கிற பெண்பிள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஏணியைக் கூடத்துக்குத் திருப்பினேன்.

மாமனாருக்கும் அவருடைய அப்பச்சிக்கும் நடுவில், இரண்டு மீசைகளுக்கிடையில், தங்க முடியோடு அந்தப் பிள்ளை ஏறி உட்கார்ந்தது. நான் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து சாய்வு பார்த்தேன். மாமியாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டேன்.

மாமியார் கண்ணை இடுக்கிப் படத்தைப் பார்த்தார்கள்.

"இது வாயை மூடிக்கிட்டுல்ல இருக்கு" என்றார்கள். "அவ சிரிச்சா கீழ ரெண்டு பல்லு தெரியும்."

ஆச்சி தூணை விட்டுவிட்டு வந்து, மாமியார் மடியில் முகத்தை வைத்து, வீடே கேட்க அழுதார்கள்.