வாக்களிக்காத நாடு

ஆபிரிக்க இராஜதந்திரத்தில் ஆய்வு செய்கிறேன் என்றால் மெல்பேர்ன் தமிழர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். கிரான்பர்னில் எங்கள் தெருவில் இருக்கும் அன்ரி ஒருவர், "உமக்கு வேற கண்டமே கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்றார். நானும் சிரித்து மழுப்பினேன். உண்மைக் காரணம் வேறு.

ஊரில், போரின் கடைசி நாட்களில் இராணுவத்தினர் அண்ணாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. சில வருடங்கள் கழித்து, நடந்ததை விசாரிக்க வேண்டுமா என்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நாடுகள் வாக்களித்தன. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் அசையாமல் இருந்தார். பல ஆபிரிக்க நாடுகள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவையள் ஏன் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

காலனிய வரலாறு, இறைமை, அணிசேராமை, வல்லரசுகளின் தலையீடு மீதான வெறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, வாக்கெடுப்பு நடந்த மண்டபத்தில் இருந்த ஒருவரையாவது கேட்காமல் இந்த ஆய்வு நிற்காது என்றார். எந்தத் தூதரகமும் பதில் போடவில்லை. இப்படியே போனால் ஆய்வைக் கைவிட வேண்டியதுதான் என்றும் பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அன்று வாக்களிக்காத நாடொன்றுக்கு ஜெனீவாவில் தூதராக இருந்து, இப்போது ஓய்வு பெற்று சிட்னியின் பரமட்டாவில் மகள் வீட்டில் இருப்பவர் ஒருவர் வரச் சொன்னார். சிட்னிக்கு விமானம் ஏறினேன்.

நல்ல மனிதர். தேநீரைத் தானே போட்டுத் தந்தார். என் பயணம், அம்மாவின் சுகம், மெல்பேர்ன் குளிர் என்று ஆறுதலாக விசாரித்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கேட்டேன். அன்று ஏன் வாக்களிக்கவில்லை?

தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "தலைநகரிலிருந்து அறிவுறுத்தல் வரவில்லை. அங்கே அன்று விடுமுறை. அறிவுறுத்தல் வராவிட்டால் ஒதுங்கியிருப்பதுதான் எங்கள் வழக்கம்."

"அதற்கு முன்னராவது பேசியிருப்பீர்களே?"

"இல்லை. அன்று நிறையத் தீர்மானங்கள் இருந்தன." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு சதி, ஒரு பேரம், ஒரு கெட்ட மனிதன் என்று ஏதாவது இருந்திருந்தால் வயிறெரியத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை. பரமட்டா ரயில் நிலையத்தில் இருந்து மேற்பார்வையாளருக்குச் சொன்னபோது, அருமையான தகவல் என்று துள்ளினார். இனி ஆய்வைக் கைவிடத் தேவையில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, சனம் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னவாம்? ஏனாம் ஒண்டும் சொல்லாமல் விட்டவை?"

"கன நேரம் யோசிச்சவையாம், அம்மா. கடைசி வரைக்கும் கதைச்சவையாம். முடிவெடுக்க ஏலாமல் போச்சாம்."

"எங்கட பிள்ளையளைப் பற்றியோ கதைச்சவை?"

"ஓம்."

அம்மா கதிரையில் அமர்ந்து கண்ணைத் துடைத்தார். அந்த முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்து வருடக்கணக்காகிறது. எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது.

"அவ்வளவு யோசிச்சவை எண்டால், அடுத்த முறை கட்டாயம் ஓம் எண்டு சொல்லுவினம்," என்றார்.