மேலே இருபத்தேழு

இடது கைக்குத்தான் முதலில். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை உருவி, விரல் விரலாக நுழைத்து, இடுக்குகளை அழுத்திச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் வலது கைக்கு வருவார் மிஸ் ஆர்லீதா மேபின். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணி. சர்ச் வாசலில் வந்து நின்றதும் இடது கை முஷ்டியாகி முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆராதனை முடிகிறவரை அது அங்கிருந்து வராது.

வருகிறவர்களை எதிர்கொண்டு, இடம் பார்த்து உட்காரவைக்கும் வாசல் ஊழியம் அவருடையது. வயது எழுபத்தொன்பது. உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. ஓட்டர் க்ரீக் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட 'சோறு தீர்ந்துபோச்சு' என்று திருப்பி அனுப்பியதில்லை என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பெருமை உண்டு.

நான் அதே சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். லைமன் ரக்கர் என்று பெயர். ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உத்தியோகம். பின்னால் நடப்பது தெரிய, ஆர்கனுக்கு மேலே ஒரு புத்தக அகலத்துக்குக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. நாற்பது வருஷமாக எங்கள் ஊர் யோக்கியதை முழுவதையும் அந்தக் கண்ணாடியில்தான் பார்த்து வருகிறேன். மிஸ் ஆர்லீதாவையும் அதில்தான் பார்த்தேன்.

ஆராதனை நடக்கும்போது அவர் வாய் திறப்பதில்லை, எல்லாம் கைதான். மூன்று விரல் தூக்கினால் மூன்று பேருக்கு இடமிருக்கிறது. உள்ளங்கை நிமிர்ந்தால் ஜெபம் நடக்கிறது, நில். கை நெஞ்சுக்குப் போனால் 'விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்'. ஒரு ஞாயிறு எங்கள் பொருளாளர் ஹாலிஸ் பிராபமின் போன் அலறியது. இவர் பக்கத்தில் போய் நின்று உள்ளங்கையை விரித்தார், அவ்வளவுதான். ஆறடி மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி போனை அதில் வைத்துவிட்டார்.

வாய் திறப்பது கார் நிறுத்துமிடத்தில், அவித்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு. "யம்மாடி, இன்னிக்கு என்னா நீளம்! ஆண்டவரே ரெண்டு தடவ கடியாரத்தப் பாத்திருப்பாரு." என்னை "ரக்கர் பையா" என்று கூப்பிடுவார். எழுபத்து மூன்று வயசில் என்னைப் பையா என்பது உலகத்தில் இவர் ஒருவர்தான். இவருடைய அப்பாவை எழுபது வயசிலும் எங்கள் ஊர் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் 'பையா' என்றுதான் கூப்பிட்டோம். அதனால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

எங்கே நுழைந்தாலும் எண்ணுவார். கடையில் மின்விசிறிகளை, பல் டாக்டர் வீட்டில் நாற்காலிகளை, கல்யாணத்தில் தொப்பிகளை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பா ஓட்டுக்குப் பேரு எழுதிக்கப் போனாரு. கறுப்பு ஆளுங்க பேர எழுதாம இருக்க அங்க கிளார்க் கேட்டானாம், 'திரும்பிப் பாக்காம சொல்லு, இந்தக் கோர்ட்டுல எத்தன ஜன்னலு?' தெரியல. எண்ணிட்டு அடுத்த மாசம் போனாரு, எம்பத்துநாலுன்னு. 'ஜன்னல எவன் கேட்டான், எத்தன படி?' அதையும் எண்ணிட்டுப் போனா, 'எத்தன செங்கல்லு?'"

"அப்புறம்?"

"செங்கல்லயும் எண்ணினாரு பையா! மூணு வாரம் எதிர்த்தாப்புல மரத்தடியில நின்னு எண்ணினாரு. நம்பரோட போனா கிளார்க்கு மாறிட்டான்."

"புதுசா வந்தவன் என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல. ஆபீஸ் மூடியாச்சுன்னான்." கடலைத் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். இப்போது தேர்தல் நாளில் அதே கட்டடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் பேரைப் பார்த்துக் குறி போடுவது இவர்தான்.

சர்ச்சிலும் எண்ணுவது இவர் வேலை. எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். இங்கேதான் விவகாரம் ஆரம்பித்தது.

எங்கள் சர்ச்சில் பின்பக்கம் உயரத்தில் ஒரு பரண் இருக்கிறது. ஏழெட்டுப் பெஞ்சு கொள்ளும். அடிமைகளை உட்காரவைக்கக் கட்டியது. விடுதலை வந்ததும் அவர்கள் இறங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் தங்களுக்கென்று ஒரு சர்ச் கட்டிக்கொண்டார்கள். எங்கள் முன்னோர் பரண் படிக்கட்டின் கதவில் ஆணி அடித்துவிட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்து அந்தப் பக்கத்துச் சர்ச்சைக் கொண்டுபோனது. எங்கள் பக்கமும் கிழடுகள் சாகச் சாகப் பெஞ்சுகள் காலி. இரண்டு சபையும் ஒன்றாகச் சேர்ந்தோம். அவர்களுடைய பாஸ்டர் டெவன் கில்யார்ட், முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை, எங்களுக்கும் பாஸ்டர் ஆனார். மிஸ் ஆர்லீதா வாசலுக்கு வந்தார்.

முதல் ஞாயிறு சீட்டில் எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. பாஸ்டர் எண்ணிப் பார்த்தால் அறுபத்தொன்று. அடுத்த வாரமும் இருபத்தேழு கூடுதல், அதற்கடுத்த வாரமும். ஒரே ஒரு ஞாயிறு மட்டும் இருபத்தாறு கூடுதல். "யாருக்கோ உடம்பு சரியில்ல போல" என்றார் மிஸ் ஆர்லீதா, வானிலை சொல்வதுபோல. பாஸ்டர் நல்ல பிள்ளை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது சத்தமில்லாமல் இருபத்தேழைக் கழித்துக்கொள்வார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரணமும் இருந்தது. பாட்டு முடிந்து ஜனங்கள் உட்காரும்போது பெஞ்சுகள் கிறீச்சிடும். கீழே எல்லோரும் உட்கார்ந்து முடிந்து, சத்தம் அடங்கி, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மேலே பலகைகள் முனகும். சிறு வயதிலிருந்து கேட்கிறேன். மரம் சூட்டில் விரிகிறது என்பார் ஹாலிஸ். சூட்டில் விரியும் மரம் ஏன் எங்களுக்காகக் காத்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்த பிறகுதான் மேலே இருப்பவர்கள் உட்காரலாம்.

மூன்றாம் வருஷம் வங்கிப் பெட்டகத்திலிருந்து சபையின் பழைய பேரேடு வந்தது. பிரித்தவன் நான். கடைசிப் பக்கத்தில் பரண் அடிமைகளின் பட்டியல்: தகப்பன் பெயர் குடும்பப் பெயர் ஒன்றும் இல்லாமல், கேட்டோ, பைனா, ஜூபா, கிழட்டு சூக்கி, லண்டன் என்று வரிசை. முடிவில் 'பைனாவின் குழந்தை, பெயரிடவில்லை'. எண்ணினேன், இருபத்தேழு. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய் மிஸ் ஆர்லீதாவிடம் சொன்னேன்.

"அதுக்குப் புஸ்தகம் வேற வேணுமா உனக்கு?" என்றார். அப்புறம், "நான் இங்க மொதல்ல வந்தது நாலு வருசத்துக்கு முன்னாடி இல்ல பையா" என்றார்.

எனக்குத் தெரியும். 1963. எனக்குப் பதினோரு வயசு, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசல் ஊழியம் என் அப்பா. கோட்டில் வெள்ளைப் பூ. மூன்று கறுப்புப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் படியேறி வந்தார்கள். அப்பா கதவை அடைத்து நின்று, "எடமில்ல, போங்க" என்றார். பாதிப் பெஞ்சு காலியாக இருந்தது. அந்தப் பொய்யைச் சர்ச் வாசலில் நின்று சொன்னாரே என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மூவரில் பதினேழு வயசுக்காரி இவர்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். அறுபது வருஷம் தாமதம்.

"உங்கப்பா தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். கீழ காலி. மேல நெறஞ்சு கெடந்துச்சு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. சரி, மனுசன் முழுசாப் பொய் சொல்லலைன்னு திரும்பிட்டேன்." கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்க. ஆறிப்போகுது."

இந்த வருஷம் பரணின் உத்தரத்தில் கரையான் என்று தெரிந்தது. வந்து பார்த்த ஆள் படிக்கட்டுக் கதவின் ஆணிகளைப் பிடுங்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சரிசெய்யலாம், இல்லையென்றால் பிரித்துவிடலாம் என்றான். பாஸ்டருக்குப் பிரித்துவிடத்தான் ஆசை. "அது நம்ம அவமானம். அத எடுத்துட்டுப் பெரிய ஜன்னல் வெப்போம். வெளிச்சம் வரட்டும்" என்றார் பிரசங்கத்தில். கறுப்பர்கள் வெள்ளையர்கள் இரண்டு பக்கமும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மிஸ் ஆர்லீதா சொல்லவில்லை. அன்றைக்குக் கடலைப் பொட்டலம் மடியில் பிரிக்காமல் கிடந்தது. கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல அவங்கள மேல ஏத்துனாங்க. அப்புறம் எங்கள உள்ளயே விடல. இப்ப ரொம்பப் பிரியமா, அவங்க உக்காந்த எடத்தையே எடுக்குறாங்க. செய்யிறவங்க ஒவ்வொரு தடவயும் வேற வேற ஆளு. வெளிய போறது மட்டும் ஒரே ஆளுங்கதான்." என்னைப் பார்த்தார். "பிரிச்சிட்டா எங்க போவாங்க பையா? எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஓட்டெடுப்பு. எழுந்து நின்றால் ஓட்டு. எண்ணுவது, வழக்கம்போல, வாசல் ஊழியர். முதலில் பிரிக்கலாம் என்கிறவர்கள் நின்றார்கள். அப்புறம் வேண்டாம் என்கிறவர்கள். நான் வேண்டாம் பக்கம் நின்றேன். இவர் நடுவழியில் மெதுவாக நடந்து, நிமிர்ந்து, குனிந்து எண்ணிச் சீட்டைக் கொடுத்தார்.

பாஸ்டர் படித்தார். "பிரிக்கலாம், இருபத்தொன்பது. வேணாம், நாப்பத்தாறு." நிறுத்தினார். "சிஸ்டர், நாம மொத்தமே நாப்பத்தெட்டுப் பேருதானே?"

"கீழ" என்றார் அவர். சர்ச்சுக்குள் அவர் குரலை நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை.

ஹாலிஸ் எழுந்தார். "மிஸ் ஆர்லீதா, செத்தவங்கல்லாம் ஓட்டுப் போட முடியாதும்மா!"

"உங்க தாத்தா எலெக்சன்ல நின்னப்ப செத்தவங்க அத்தன பேரும் ஓட்டுப் போட்டாங்களே ஹாலிஸ். அப்ப எண்ணிக்கிட்டீங்க."

சர்ச் குலுங்கிச் சிரித்தது. ஹாலிஸின் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "சட்டம்னு ஒண்ணு இருக்கு. கூடத்துல பெஞ்சுல உக்காந்திருக்கவங்க ஓட்டு மட்டும்தான் செல்லும்."

"கூடத்துலயா?" என்றார் மிஸ் ஆர்லீதா. "சரி."

வாசலுக்குப் போனார். படிக்கட்டுக் கதவைத் திறந்தார். ஈரக் கம்பளி வாசனையும் விளக்கில் எரியும் கொழுப்பின் வாசனையும் கலந்து ஆர்கன்வரை வந்தது. அவர் ஒதுங்கி நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, வலது கையால் மேலே இருப்பவர்களுக்கு 'வாங்க' காட்டினார். காத்திருந்தார். தலையை அசைத்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அசைத்தார். இறங்கி வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அசைப்பு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

பிறகு முன்னே நடந்தார், வழிகாட்டுகிற நடை. கடைசிப் பெஞ்சின் பக்கம் நின்று இரண்டு விரல் காட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த லவீனியா அம்மாள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த பெஞ்சுக்கு மூன்று விரல். நகர்ந்தார்கள். அதற்கடுத்தது. ஹாலிஸின் பெஞ்சுக்கு வந்தபோது அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். இவர் இரண்டு விரலை இறக்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹாலிஸ் தன் பக்கத்துக் காலி இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, யாரோ தாண்டிப் போவதற்கு வழிவிடுவதுபோல, முழங்காலை ஒருபக்கமாகத் திருப்பினார்.

பாஸ்டர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "இன்னொரு தடவ கேக்குறேன். பிரிக்கலாங்கறவங்க எழுந்திரிங்க."

நான்கு பேர் எழுந்தார்கள். ஹாலிஸ் எழவில்லை. பரண் தப்பித்தது.

"உக்காருங்க" என்றார் பாஸ்டர். பெஞ்சுகள் கிறீச்சிட்டு அடங்கின. ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தேன். மேலே சத்தமில்லை. முனகியது கீழேதான், பெஞ்சு பெஞ்சாக, எங்கள் நடுவில்.

மிஸ் ஆர்லீதா நடுவழியில் நின்று உதடு அசைய எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்தாறில் உதடு நின்றது. சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் நேராக என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். அந்தக் கையை அப்படியே இறக்கி, இடுப்புக்கும் கீழே, உள்ளங்கை தரையைப் பார்க்க, அவ்வளவு உயரம்தான் என்று காட்டினார்.

நான் பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆர்கன் பெஞ்சில் இடது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.