கல்யாணக் காரில் என் கைவேலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பெரம்பலூரில் நாலு கீற்றுக்குக் கீழே வெல்டிங் பட்டறை போட்டபோது ஒரு மாதத்தில் ஓடிவிடுவான் என்றார்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் அள்ளும் லாரிகளுக்குத் தொட்டி கட்டினேன். டிராக்டருக்கு டிப்பர் கட்டினேன். சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டம் ஏற்றிப்போகிற மினி பஸ்ஸுக்குப் படிக்கட்டிலிருந்து கூரை வரை போட்டேன். நான் போட்ட கூரை ஒன்றுகூட ஒழுகியது கிடையாது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது ஊரே வாய் பிளந்து பார்க்கிற அந்தத் திறந்த கல்யாணக் காரிலும் என் கை இருக்கிறது. அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

கார் என் அக்கா மகனுடையது. கல்யாணங்களுக்குக் கார் விடுவது அவன் தொழில். பொத்தானை அழுத்தினால் கூரை மடங்குகிற பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றைச் சென்னையில் பிடித்து, நேரே என் பட்டறைக்கு ஓட்டி வந்தான்.

"எப்படி மாமா இருக்கு?"

ஒரு சுற்று சுற்றி வந்தேன். முன்பக்கம், கொட்டாவி விட்டு மூட மறந்த வாய். மூக்கு முக்கால் கார், ஆள் உட்காரக் கால் கார். பின்பக்கமோ இரண்டு பந்தி சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி. கதவில் கிளம்பிய ஒரு கோடு, எங்கே போவதென்று தெரியாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. என் பட்டறையில் எவனாவது அப்படி மடிப்பு எடுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கூரை வெறும் துணி. லாரியில் போட்டால் தார்ப்பாய், இதில் போட்டால் நாகரிகமாம். அதை ஏற்றிவிட்டால் பட்டு வேட்டி கட்டினவனுக்குக் குரங்குக் குல்லா மாட்டின கோலம்.

"மாப்ள, இதுல ஏறுறதா, எறங்குறதா? கொளத்துல கால வைக்கிற மாதிரில்ல இருக்கு."

"இது ஸ்டைல் மாமா. ஒங்களுக்குப் புரியாது."

"புரியாமயே கெடக்கட்டும். மாலைய எங்க கட்டுவ?"

அவனும் சுற்றிச் சுற்றித் தேடினான். வண்டி முழுக்க வழித்து மெழுகியிருக்கிறது. ஒரு கயிறு மாட்ட இடமில்லை. எங்கள் பக்கம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை ஊர்வலம் வரும். தெருவில் நிற்கிற அத்தனை பேருக்கும் அவன் முகம் தெரிய வேண்டும். திறந்த கார் அதற்குத்தான். நான் பின்சீட்டில் உட்கார்ந்து காட்டினேன்.

"மொதலாளி, பானைக்குள்ள வச்ச பூசணிக்கா மாதிரி இருக்கீங்க" என்றார் என் வெல்டர்.

"சீட்டுக்குப் பின்னாடி மேல ஏறி ஒக்காரணும் மாமா, இப்படி" என்று அவனே ஏறினான். மடித்த கூரையை மூடியிருந்த பிளாஸ்டிக் பலகை படாரென்று விரிந்தது. அரியலூரில் அவனுக்கு முதல் ஊர்வலம், இன்னும் நாலே நாளில். முகம் செத்துவிட்டது.

"மாமா..."

"என்ன மாப்ள, ஸ்டைல் சத்தம் போடுதா?"

திட்டிக்கொண்டே வேலையில் இறங்கினேன். காரில் ஒரு ஓட்டைகூடப் போடாமல், பின்சீட்டின் மேல் உட்காருகிற மாதிரி குழாயில் ஒரு சட்டம் வளைத்தேன். மேலே மெத்தை, பிடித்துக்கொள்ள வளைவுக் கம்பி, மாலைக்குச் சுற்றிலும் கொக்கி. உடைந்த பலகையைத் தகடு வைத்து ஒட்டிக் கறுப்பு அடித்தேன். மூன்று நாள். வரைபடம் கிடையாது, என் கண்தான் அளவு.

அரியலூர் தெருவில் மேளம் முன்னே போக, மாப்பிள்ளை சாமி புறப்பாடு மாதிரி உயர்ந்து வந்தான். மாடியிலிருந்தெல்லாம் கை காட்டினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா என் அக்கா மகனிடம் வந்தார்.

"சீட்டு பிரமாதங்க. யாரு பண்ணது?"

"கம்பெனியிலேருந்தே அப்படித்தாங்க வருது. வெளிநாட்டு மாடல்."

பக்கத்தில்தான் நின்றேன். கொக்கி கழன்றால் மாட்டுவதற்கு ஸ்பேனர் கையில் இருந்தது. பையன் பிழைப்பு, கல்யாண வீடு என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்வலம் போய்விட்டது. இன்றுவரை அவன் அதே பாட்டைத்தான் பாடுகிறான்.

பாடி கட்டியவன் பெயரில்லாமல் எங்கள் பட்டறைப் பக்கம் ஒரு லாரி வெளியே போகாது. மாப்ள, அடுத்த முகூர்த்தத்துக்குள் அந்தச் சட்டத்தின் முதுகில் என் பெயரும் ஊரும் ஏற வேண்டும். தெருமுனையில் நிற்கிறவர் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. மாலை அதை மறைக்கக் கூடாது. முடியாது என்றால் சட்டத்தைக் கழற்றி என்னிடம் கொடு. உன் மாப்பிள்ளைகள் பானைக்குள்ளேயே போகட்டும்.